எச்.ஐ.வி., போதைச் சார்பு, மனவடு: தமிழகக் கடலோரத்தில் இளம் ஆய்வாளர் பயிற்சியின் வரலாறும் திருமலைராயன்பட்டினம் எழுப்பும் வினாக்களும்

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஐ.வி. தொற்று, மது மற்றும் போதைப்பொருள் சார்பு, பேரிடரும் போரும் விளைவித்த மனவடு ஆகிய மூன்றும் தமிழ்ச் சூழலில் தனித்தனி ஆய்வுத்துறைகளாக வளர்ந்தவை. இத்துறைகளில் இளம் ஆய்வாளர்கள் எவ்வாறு பயிற்சி பெற்றனர் என்பதை 1980 முதல் 2018 வரையிலான காலப்பகுதியில் இக்கட்டுரை ஆராய்கின்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1986-இல் நிகழ்ந்த எச்.ஐ.வி. கண்டறிதல், மஞ்சக்குடி முகாம், 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய ஆய்வுகள், யாழ்ப்பாண உளநலப் பணி ஆகியன சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இம்மூன்று துறைகளும் ஒரே ஊரில் சந்திக்கும் இடமாகக் காரைக்கால் பகுதியைச் சேர்ந்த திருமலைராயன்பட்டினம் நோக்கப்படுகிறது. ஆய்வாளர்க்குரிய பயிற்சியில் ஒப்புதல், மொழி, எல்லை ஆகிய மூன்றும் பின்னுக்குத் தள்ளப்பட்டமையே இவ்வரலாறு காட்டும் குறை என இக்கட்டுரை வாதிடுகின்றது.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., குடிநோய், மனவடு, ஆய்வு அறம், ஒப்புதல், சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா, மஞ்சக்குடி, காரைக்கால், திருமலைராயன்பட்டினம்.

முன்னுரை

நோய்களின் வரலாறு தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அந்நோய்களை ஆராய்ந்தோர் எவ்வாறு உருவாயினர் என்னும் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. ஓர் ஆய்வேட்டின் தலைப்பு, வழிகாட்டியின் பெயர், பட்டம் பெற்ற ஆண்டு ஆகியன ஆவணங்களில் எஞ்சுகின்றன. அந்த ஆய்வாளர் யாரிடம் குருதி பெற்றார், எந்தச் சொற்களில் வினவினார், வினவப்பட்டவர் மறுக்கும் நிலையில் இருந்தாரா என்பன பெரும்பாலும் பதிவாவதில்லை. களங்கமும் சட்ட அச்சமும் சூழ்ந்த துறைகளில் இவ்விடுபாடு சிறியதன்று. எச்.ஐ.வி., போதைச் சார்பு, மனவடு ஆகிய மூன்றிலும் ஆய்வுக்கு உட்படுபவர் தம்மைப் பற்றிய ஓர் உண்மையை வெளியிடுவதாலேயே இழப்புக்கு ஆளாகக்கூடும். ஆகவே இத்துறைகளில் பயிற்சி என்பது ஆய்வுமுறையைக் கற்பித்தலோடு முடிவதில்லை.

1986: ஓர் ஆய்வேட்டிலிருந்து தொடங்கிய துறை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேட்டுப் பணியில் ஆகும். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு இத்தலைப்பை அளித்தார். எய்ட்ஸ் என்பது மேலைநாட்டு நோய் எனக் கருதப்பட்ட காலம் அது. இந்தியாவில் அதனைத் தேடுவது வீண்வேலை என்னும் எண்ணம் பரவலாக இருந்தது. தொற்று அபாயம் மிக்கோரிடமிருந்து 200 குருதி மாதிரிகள் திரட்டுவது இலக்காக வைக்கப்பட்டது.

மும்பையைப் போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கெனத் தனிப்பகுதி இல்லை. எனவே நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களோடு பழகினார். அவர்களுள் பலருடைய முகவரியாகக் காப்பில்லம் ஒன்று பதிவாகியிருப்பதைக் கண்டார். 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடைச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த இல்லம் அது. ஏறத்தாழ மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் திரட்டப்பட்டன. நிர்மலாவிடம் கையுறை இல்லை. வேறு காப்புக் கருவியும் இல்லை. குருதிநீரைப் பிரித்தெடுக்க ஆசிரியரும் மாணவியும் கிடைத்த கருவிகளைக் கொண்டு சிறு ஆய்வகம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். மாதிரிகள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காக்கப்பட்டன.

சோதனை வசதி வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் அங்குக் கொண்டுசெல்லப்பட்டன. நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானின் துறையில் நிகழ்ந்த எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் தொற்றைக் காட்டின. அமெரிக்காவில் செய்யப்பட்ட மறுசோதனை அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு மே மாதம் தமிழகச் சட்டப்பேரவையில் அன்றைய நலவாழ்வுத்துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே இதனை அறிவித்தார். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு பற்றிய தம் ஆய்வேட்டை நிர்மலா 1987 மார்ச்சில் அளித்தார். பின்னர்க் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் துணிவின் கதையாகச் சொல்லப்படுகிறது. அது துணிவின் கதையே, ஐயமில்லை. எனினும் பயிற்சியின் வரலாறு என்னும் நோக்கில் அதற்கு வேறொரு பக்கமும் உண்டு. எதற்காகத் தம் குருதி பெறப்படுகிறது என்பதை அப்பெண்கள் அறிந்திருக்கவில்லை. பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் எண்ணினர் என்பதையும், எய்ட்ஸ் சோதனை எனத் தாம் கூறவில்லை என்பதையும் நிர்மலாவே பிற்காலத்து நேர்காணலில் வெளிப்படையாகத் தெரிவித்துள்ளார். மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துவது குறித்த அறநெறி அறிக்கை ஒன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இலேயே வெளியிட்டிருந்தது. ஆயினும் காவலில் உள்ள ஒருவரிடம் ஒப்புதல் பெறுவது எவ்வாறு என்பது அன்றைய முதுநிலை மாணவருக்குரிய பாடத்தின் பகுதியாக அமையவில்லை. எனவே இதனைத் தனியொருவர் தவறாகக் காண்பது பொருந்தாது. அக்காலப் பயிற்சியின் இடைவெளியாகவே காணவேண்டும். அதே பயிற்சி, கையுறைகூட இன்றி மாணவியைக் களத்துக்கு அனுப்பியது. ஆய்வுக்கு உட்பட்டவர், ஆய்வாளர் ஆகிய இருவர்க்குமே அன்று பாதுகாப்பு இல்லை.

இவ்விடைவெளியின் விளைவு விரைவில் தெரிந்தது. 1990-இல் மும்பையிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்கள் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் காப்பில்லங்களில் வைக்கப்பட்டனர். தொற்று உறுதியானோரைத் தண்டனைக்காலம் முடிந்த பின்னும் அடைத்துவைக்கும் போக்கு தோன்றியது. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியதன் பின்னரே தொற்றுள்ள பெண்களின் விடுதலைக்கு வழி பிறந்தது. நோயறிவதற்காகப் பெறப்பட்ட குருதி, சிறைவைப்புக்கான சான்றாக மாறியமை இத்துறையின் தொடக்ககாலப் பாடம். ஷியாமளா நடராஜ் பின்னர்த் தோற்றுவித்த தென்னிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம் ஆற்றுப்படுத்துநர்களைப் பயிற்றுவிப்பதில் கருத்துச் செலுத்தியது இப்பின்னணியில் பொருளுடையது.

நிறுவனங்களின் காலம்

1990-களில் பயிற்சி தனிப்பட்ட ஆசிரியர்–மாணவர் உறவிலிருந்து நிறுவனங்களுக்கு இடம்பெயர்ந்தது. சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைச் சென்னையில் நிறுவினார். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் பதிவுபெற்றது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளர்க்குரிய பெரிய சிகிச்சையிடமாக வளர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்ட எட்டு அரசு மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பிரிவான ஃபொகார்ட்டி பன்னாட்டு மையம் 1988-இல் எய்ட்ஸ் ஆய்வுப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழிப் பிரவுன் பல்கலைக்கழகம் போன்றவற்றுடன் சென்னை இளம் ஆய்வாளர்களுக்குத் தொடர்பு ஏற்பட்டது. ஆய்வு வடிவமைப்பு, புள்ளியியல், கட்டுரையாக்கம், அறக்குழு நடைமுறை ஆகியன முறையாகக் கற்பிக்கப்பட்டன. 1986-இல் இல்லாதிருந்த பலவும் இப்போது கிடைத்தன. அதே வேளையில் வினாக்கள் எங்கிருந்து எழுகின்றன என்னும் சிக்கலும் உடன்வந்தது. நிதி வழங்குவோரின் அறிவிப்பில் இடம்பெறும் தலைப்பே இளம் ஆய்வாளரின் தலைப்பாகும் நிலை உருவாயிற்று.

மதுவும் எச்.ஐ.வி.யும் ஒருங்கே ஆராயப்பட்ட முயற்சி ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் இந்தியா, சீனா, பெரு, உருசியா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வில் இந்தியக் களம் சென்னையாகும். இங்கு ஒயின் ஷாப் எனப்படும் மதுக்கடைகளும் அவற்றைச் சுற்றிக் கூடுவோரும் ஆய்வுக்களமாயினர். கடைக்கு வருவோருள் செல்வாக்குடையோரைப் பயிற்றி, அவர்கள் வாயிலாகப் பிறர்க்குச் செய்தி பரப்புவது அதன் முறை. 2010-இல் வெளியான ஒட்டுமொத்த முடிவுகளில், இம்முறை பின்பற்றப்பட்ட குழுக்களுக்கும் ஒப்பீட்டுக் குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரு பிரிவுகளிலும் இடர்மிகு நடத்தை குறைந்திருந்தது. எதிர்பார்த்த விளைவு கிட்டாத ஆய்வும் முழுமையாக வெளியிடப்படவேண்டும் என்பதை இளம் ஆய்வாளர்க்கு உணர்த்த இதனினும் தக்க சான்று அரிது.

மஞ்சக்குடி: கிராமத்தில் கற்றது

போதைச் சார்புத் துறையின் பயிற்சி வரலாறு வேறு தடத்தில் சென்றது. சென்னை மாகாணத்தில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் நடைமுறைக்கு வந்து மறுபடியும் விலக்கப்பட்டது. மதுவைச் சட்டத்தின் சிக்கலாகவும் ஒழுக்கத்தின் சிக்கலாகவும் கண்ட சூழலில், அதனை நோயாகக் கண்டு மருத்துவம் செய்ய 1980-இல் சாந்தி ரங்கநாதன் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார்.

இந்நிறுவனம் 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சக்குடியில் முகாம் நடத்தத் தொடங்கியது. மஞ்சக்குடி இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. காரைக்காலும் அதே காவிரிக் கழிமுகத்தைச் சேர்ந்தது. நகர மருத்துவமனைக்கு வர இயலாத குடிநோயாளிகளுக்கு ஊரிலேயே 15 நாள் தங்கல் முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டது. இடமும் உணவும் ஊர் சார்ந்த அமைப்பின் பொறுப்பு. குடும்பத்தாரும் இதில் பங்கேற்றனர். முகாம் முடிந்த பின்னும் குழு மீண்டும் ஊருக்கு வந்து நோயாளிகளைத் தொடர்ந்து கண்டது. இவ்வனுபவம் 1994-இல் அடிக்ஷன் என்னும் பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது.

பயிற்சி நோக்கில் மஞ்சக்குடி கற்பிப்பன இரண்டு. முதலாவது, தரவு திரட்டலும் சிகிச்சையும் ஒரே குழுவின் பணியாக இருந்தன. கேள்வி கேட்டவரே மருந்தும் ஆறுதலும் அளித்தார். இரண்டாவது, மீண்டும் வருவது அம்முறையின் உறுப்பாக இருந்தது. ஒருமுறை வந்து வினாநிரலை நிரப்பிச் செல்லும் ஆய்வாளர், குடியை நிறுத்தியவர் ஆறாம் மாதத்தில் என்ன ஆனார் என்பதை அறிய முடியாது. குடிநோயில் மீள்சரிவே பெரிய உண்மை; அது தொடர்ந்து வருபவர்க்கே புலப்படும்.

மனவடு: சொல்லும் துறையும்

பேரச்சத்தின் பின் மனத்தில் எஞ்சும் காயத்தைக் குறிக்க ஈழத்தமிழ் வழக்கில் மனவடு என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் உடன்பணியாற்றியோரும் போர்க்காலத்தில் ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் உளநலப் பணிக்குப் பயிற்றினர். உளமருத்துவர் மிகச் சிலரே இருந்த நிலத்தில் அது தெரிவன்று, தேவை. ஒருவரின் உள்ளத்தை மட்டும் நோக்காது குடும்பமும் ஊரும் சிதைவதைக் கூட்டு மனவடு என அவர் விளக்கினார். போர்க்காலப் பட்டறிவிலிருந்து எழுந்த இக்கருத்து, கற்பித்தலுக்குரிய மொழி எங்குப் பிறக்கிறது என்பதற்குச் சான்றாகும். வடு என்பது ஆறிய காயத்தின் தடம். காயம் ஆறும், தடம் இருக்கும் என்னும் இருபொருளையும் அச்சொல் தாங்குகிறது. அதிர்ச்சி என்னும் தமிழக வழக்கோ நிகழ்ந்த கணத்தை மட்டுமே சுட்டுகிறது. எந்தச் சொல்லால் வினவுகிறோமோ அதற்கேற்ற விடையே கிடைக்கும் என்பதால், இவ்வேறுபாடு கலைச்சொல் ஆராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் உளநல ஆய்வு பெருகியது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றில் பெற்ற பட்டறிவைக் கொண்டு ஊர்மட்டப் பணியாளர்களைப் பயிற்றியது. தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தினர் உள்ளிட்ட குழு, தமிழக மீனவக் கிராமம் ஒன்றில் நடத்திய ஆய்வை 2007-இல் வெளியிட்டது. அங்கு வயதுவந்தோருள் 12.7 விழுக்காட்டினர் பேரிடருக்குப் பிந்தைய மனவழுத்தச் சீர்கேட்டுக்கு உட்பட்டிருந்தனர். பெண்களும் வருவாய் இழந்த குடும்பத்தினரும் காயமுற்றோரும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். வருவாய்க்கும் மனநிலைக்கும் உள்ள இத்தொடர்பு, வலையையும் படகையும் மீட்டுத் தருவதும் உளநலப் பணியே என்பதை உணர்த்தியது.

பல குழுக்கள் ஒரே மக்களை நாடி வந்ததால் எழுந்த அறச்சிக்கலை இலங்கை அறிஞர் அதுல சுமதிபால முதலியோர் 2005-இலேயே லான்செட் இதழில் சுட்டினர். நிவாரணம் பெறும் வரிசையில் நிற்பவரிடம் ஆய்வு ஒப்புதல் கேட்டால் அவர் எதற்கு இசைகின்றார் என்பது தெளிவாவதில்லை. காப்பில்லத்துப் பெண்ணுக்கும் நிவாரண முகாமில் இருந்தவர்க்கும் நிலைமை வேறு. மறுக்க இயலாமை ஒன்றே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 அறநெறிகள் பேரிடர்க்கால ஆய்வுக்கெனத் தனி இயல் வகுத்தன. அதே ஆண்டு இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், சோதனைக்கும் ஆய்வுக்கும் விளக்கமறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. காப்பில்லத்தில் பெறப்பட்ட குருதியிலிருந்து இச்சட்டம் வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

திருமலைராயன்பட்டினம்: மூன்றும் கூடும் களம்

காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே அமைந்தது திருமலைராயன்பட்டினம். 1739 முதல் பிரெஞ்சியர் வசமிருந்த காரைக்கால் பகுதி 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சிக்கு மாறியது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. மூன்று பக்கம் தமிழகமும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த இந்நிலத்தின் தென்வாயில் வாஞ்சூர். மதுவிலக்கும் மதுவரியும் எல்லைக்கு இருபுறமும் வேறுபட்டு வந்தமையால், குடி இங்கு ஊரார் பழக்கமாக மட்டும் நில்லாமல் எல்லை வணிகமாகவும் அமைந்தது. நாகை மாவட்டத்திலிருந்து குடிக்க வருபவர் புதுச்சேரியின் கணக்கில் விற்பனையாகவும், தமிழகத்தின் கணக்கில் நோயாளியாகவும் பதிவாகின்றார்.

ஆழிப்பேரலையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதி இழந்த உயிர்களுள் பெரும்பகுதி காரைக்கால் பகுதியைச் சேர்ந்தவை. இவ்வூரின் பட்டினச்சேரி மீனவக் கிராமம் அவ்வலையின் வழியில் இருந்தது. 2009-இல் கீழவாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் இயங்கத் தொடங்கியபின் சரக்குந்துப் போக்குவரத்து பெருகியது. நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநர்களைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொற்றைப் பாலமாகக் கடத்தக்கூடிய மக்கட்பிரிவாக வகுத்துள்ளது. ஆகவே எல்லைமதுக் கடை, அலையில் உறவிழந்த குடும்பம், துறைமுகச் சாலை ஆகிய மூன்றும் ஒரு மணிநேர நடைக்குள் அடங்கும் ஊர் இது.

இம்மூன்றும் அருகருகே இருப்பதாலேயே ஒன்றுக்கொன்று காரணமாகிவிடா. அவ்வாறு கொள்வது ஊரின்மேல் களங்கம் சுமத்துவதாகும். மீனவர், ஓட்டுநர் என்னும் தொழிற்பெயர்களை நோயின் பெயர்களாக மாற்றும் பிழை இத்துறையின் பழைய பிழை. இங்குக் களமிறங்கும் இளம் ஆய்வாளர் முதலில் பெறவேண்டியது இவ்வெச்சரிக்கை. அடுத்து, நிறுவன அமைப்பே அவரைப் பிரித்துவைக்கிறது. எச்.ஐ.வி. ஒரு சங்கத்தின் பொறுப்பு, போதை மீட்பு சமூக நீதித்துறை சார்ந்தது, பேரிடர் வருவாய்த்துறையின் கோப்பு. எல்லைக்கு அப்பால் இவை அனைத்தும் மற்றொரு மாநிலத்தில் மறுபடியும் உள்ளன. ஆழிப்பேரலையில் பிள்ளையை இழந்து, அதன்பின் குடிக்கத் தொடங்கி, பின்னர்த் தொற்றுச் சோதனைக்கு வரும் ஒருவர் இருப்பாராயின், அவருடைய வாழ்க்கை மூன்று பதிவேடுகளில் மூன்று தனிமனிதர்களாகவே தோன்றும். ஒரு பதிவேட்டை மட்டும் படிக்கப் பயிற்சி பெற்றவர் அவரைக் காணமாட்டார்.

காரைக்காலில் இன்று மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஜிப்மர் நிறுவனத்தின் காரைக்கால் கிளை 2016-இல் தொடங்கியது. எனவே களத்தருகே மாணவர் உள்ளனர். முன்சொன்ன வரலாறு அவர்களுக்கான பயிற்சிக்கு மூன்று கூறுகளை வற்புறுத்துகிறது. ஒன்று, ஒப்புதலைப் படிவமாக அன்றி உரையாடலாகக் கற்பித்தல். மறுப்பவர் எதையும் இழக்கமாட்டார் என்பதை ஆய்வாளர் முதலில் உறுதிசெய்யவேண்டும். இரண்டு, வினாநிரலை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும் முன் ஊரார் தம் துயரையும் குடியையும் நோயையும் குறிக்க ஆளும் சொற்களைத் திரட்டுதல். இப்பணியில் தமிழ்த்துறையினர்க்கும் நாட்டார் வழக்காற்றியலார்க்கும் இடமுண்டு. மருத்துவ ஆய்வுக்குழுக்களில் அவர்கள் இடம்பெறுவது அரிது. மூன்று, மஞ்சக்குடியில் போல் மீண்டும் செல்லுதல். ஆய்வேட்டுக்குரிய காலவரம்பு இதற்கு இடையூறு. இரண்டாண்டுகளில் முடியவேண்டிய பட்டம் ஒருமுறைக் கணக்கெடுப்பையே ஊக்குவிக்கிறது. இத்தடை மாணவரால் நீங்காது. பல்கலைக்கழக விதிகளே மாறவேண்டும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. துயர்க்கதைகளைத் தொடர்ந்து கேட்கும் இளம் ஆய்வாளரும் பாதிப்புக்கு உட்படுவார். 1986-இல் கையுறை இல்லாதிருந்தது கண்ணுக்குத் தெரிந்த குறை. மனத்துக்குரிய கையுறை இன்றும் பல ஆய்வுத்திட்டங்களின் நிதிக்குறிப்பில் இடம்பெறுவதில்லை. வழிகாட்டியோடு கிழமைதோறும் உரையாடும் வாய்ப்பும், களத்திலிருந்து சில நாள் விலகியிருக்கும் உரிமையும் பயிற்சியின் பகுதியாதல் வேண்டும்.

முடிவுரை

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. ஆய்வு ஒரு மாணவியின் உழைப்பிலும், தம் குருதி எதற்கு என அறியாத பெண்களின் உடலிலும் தொடங்கியது. முன்னவர் பெயர் காலந்தாழ்த்தியேனும் அறியப்பட்டது. பின்னவர்கள் பெயரின்றி மறைந்தனர். அப்பெயர்களைத் தேடி வெளியிடுவது அவர்களுக்கு மீண்டும் தீங்காகும். அவர்கள் அறியாமல் தந்ததன் பயனாக உருவான அறநெறிகளை அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு முழுமையாகக் கற்பிப்பதே அவர்களுக்குரிய கைம்மாறு. போதைச் சார்புத்துறை தொடர்ந்து செல்லும் முறையையும், யாழ்ப்பாண உளநலப் பணி தமிழில் சிந்திக்கும் முறையையும், ஆழிப்பேரலை ஆய்வுகள் மறுக்கவியலாதாரிடம் கேட்பதன் இடரையும் நமக்கு விட்டுச்சென்றுள்ளன. இவை தனித்தனித் துறைகளில் சிதறியுள்ளமையால் எந்த மாணவரும் இவற்றை ஒருங்கே பெறுவதில்லை. திருமலைராயன்பட்டினம் போன்ற எல்லையூர் ஒன்றைக் களமாகக் கொள்ளும் பாடத்திட்டம் இவற்றை ஒன்றிணைக்கக்கூடும். அதற்கு மருத்துவம், சமூகவியல், தமிழியல் ஆகிய துறைகள் ஒரே மேசையில் அமரவேண்டும். புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரு அரசுகளின் பதிவேடுகளும் ஆய்வாளர்முன் ஒருங்கே விரியவேண்டும்.